ஓடுகிற கால்தான் ஆடும்

நடுவர் ஐயா, எதிரணி, என் அணி, தாராவித் தாய்மார்கள், வாசலில் நின்றபடியே பார்க்கிற அண்ணன்மார்கள், எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது 15 நிமிடம். அதில் இரண்டை மைக் தம்பி 'ஹலோ ஹலோ' என்று எடுத்துக்கொண்டார். அதனால் திருக்குறள் கிடையாது, பாரதியார் கிடையாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் என்றால் நம் மன்றத்தில் ஒரே தலைப்புதான். குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா? நாலு வருஷமாக அதையே பேசினோம். ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த வருஷம் கமிட்டியில் காலேஜ் பிள்ளைகள் புகுந்துவிட்டார்கள். புகுந்து ஒரு தலைப்பு போட்டார்கள் பாருங்கள்: 'ஆட வந்து பாடகியான மடோனாவை உருவாக்கியது வீடா? வீதியா?'

எங்கள் லேபர் கேம்ப் குடியிருப்புச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினபோது பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம் கேட்டாள். "ஏட்டி, மடோனான்னா யாரு? நம்ம வேளாங்கண்ணியில இருக்காளே, அவளா?"

சிரிக்காதீர்கள். ஆச்சி சொன்னது பாதி சரி. மடோனா என்பது மாதாவைக் குறிக்கிற பெயர்தான். பாந்த்ராவில் மௌண்ட் மேரி கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அந்த மாதா. நாம் பேச வந்திருக்கிற மடோனா 1958 ஆகஸ்ட் 16ஆம் தேதி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் பே சிட்டியில் பிறந்தவர். மடோனா லூயிஸ் சிக்கோனே. மேடைக்காக வைத்த பெயர் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், இல்லை. அம்மாவின் பெயரும் மடோனா. அம்மாவின் பெயரையே மகளுக்கு வைத்திருக்கிறார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நான் வீதி அணி. பாயிண்ட் எல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் அண்ணாச்சி பேசி முடிக்கும்போது ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? லேட்டாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். "35 டாலரை மடியில் கட்டிக்கிட்டு, படிப்பைப் பாதியில விட்டுட்டு, அப்பன் பேச்சை மீறிக் கிளம்பினவளுக்கு எங்க ஊர்ப் பக்கம் ஒரு பேர் உண்டு. ஓடுகாலி! வீடு உருவாக்கினது பாடகியை. வீதி உருவாக்கினது ஓடுகாலியை" என்றார். உடனே என்ன கைதட்டல்! தட்டினவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அதை இன்றைக்கு ராத்திரி பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, ஓடுகாலி என்று சொன்னீர்கள். சரி. இந்த அரங்கில் ஓடி வராதவர் யார், கையைத் தூக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். மும்பையில் உட்கார்ந்துகொண்டு, அதுவும் தாராவியில் உட்கார்ந்துகொண்டு, ஓடி வந்தவளைத் திட்டலாமா? இங்கே தோல் ஷாப்புக்கு வந்தவர் ஓடி வந்தவர். முறுக்குப் போட வந்தவர் ஓடி வந்தவர். இட்லி அவித்துத் தலையில் சுமந்தவர் ஓடி வந்தவர். ஊரில் கடன்காரனுக்குப் பயந்து ஓடி வந்தவர், பங்காளிக்குப் பயந்து ஓடி வந்தவர், பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுக்குப் பயந்து ஓடி வந்தவர். இன்னும் ஊருக்குப் போகாத ஆட்களும் அந்த ஓரத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி கதையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மேடையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! கயத்தாறு பக்கத்து ஊரிலிருந்து, வீட்டில் சொல்லாமல், டிக்கெட் இல்லாமல், தாதர் ரயிலில் கக்கூஸுக்குள் நின்றுகொண்டே வந்தேன் என்று. சட்டைப் பையில் 11 ரூபாய்தான் என்று. அந்த 11 ரூபாயைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும், நமக்கும் கலங்கும். போன வருஷம் 11 ரூபாய் 9 ரூபாய் ஆனது, அது வேறு விஷயம்.

நடுவர் ஐயா, நீங்களே சொல்லுங்கள். டிக்கெட் வாங்காமல் வந்தவர் தொழிலதிபர். டிக்கெட் வாங்கி விமானத்தில் வந்தவள் ஓடுகாலியா? 11 ரூபாய் என்றால் வீரம், 35 டாலர் என்றால் கேவலமா? ஆம்பளை கிளம்பினால் 'பம்பாய்க்குப் பிழைக்கப் போயிருக்கான்'. பொம்பளை கிளம்பினால் 'ஓடிட்டா'. கிளம்பினது ஒரே காரியம், வார்த்தைதான் இரண்டு.

அப்புறம், அந்தக் குடும்பமே ஓடி வந்த குடும்பம் அண்ணாச்சி. மடோனாவின் அப்பா சில்வியோ கார் கம்பெனியில், ராணுவத் தளவாடக் கம்பெனியில் இஞ்சினியராக இருந்தவர், கண்டிப்பானவர், நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை. அந்த அப்பாவைப் பெற்றவர்கள் யார்? இத்தாலியில் பசென்ட்ரோ என்கிற மலைக் கிராமத்துக்காரர்கள். கப்பல் ஏறிப் போய், பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்கிற உருக்காலை ஊரில் பிழைத்தவர்கள். நமக்குத் தோல் ஷாப், அவர்களுக்கு இரும்பு உலை. அந்தத் தாத்தா ஓடவில்லை என்றால் இந்தப் பேத்தி பசென்ட்ரோவில் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார், நாம் வழக்கம்போல கணவனா மனைவியா என்று பேசிக்கொண்டிருப்போம்.

வீடு என்ன கொடுத்தது? அப்பா பியானோ கிளாஸில் சேர்த்தார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு டான்ஸ்தான் வேண்டும் என்று அப்பாவிடம் மல்லுக்கட்டி பாலே வகுப்புக்கு மாறினார். அங்கே கிறிஸ்டோபர் ஃப்ளின் என்று ஒரு வாத்தியார். நீ அழகு என்று அந்தப் பெண்ணிடம் முதன்முதலில் சொன்னவர் அவர்தானாம். பெற்றவர்கள் சொல்ல மறக்கிறதை வாத்தியார் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று, டியூஷன் எடுக்கிற எனக்குத் தெரியும். அவர்தான் டெட்ராய்ட் நகரத்து டான்ஸ் கிளப்புகளுக்கும் கூட்டிக்கொண்டு போனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடனத்துக்கென்றே ஸ்காலர்ஷிப் கிடைத்தது. 1978இல் அதையும் விட்டுவிட்டு நியூயார்க். முடித்துவிட்டுப் போ என்றார் அப்பா, கேட்கவில்லை. அன்றைய கணக்கில் 35 டாலர் என்பது நம் காசுக்கு 300 ரூபாயைத் தொடாது. விமானம் ஏறினது அதுதான் முதல் தடவை, டாக்ஸி ஏறினதும் அதுதான் முதல் தடவை. டிரைவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? எல்லாவற்றுக்கும் நடுவில் எது இருக்கிறதோ அங்கே இறக்கிவிடு. அவன் டைம்ஸ் ஸ்கொயரில் இறக்கிவிட்டான். வி.டி. ஸ்டேஷன் வாசலில் டாக்ஸிக்காரனிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், மலபார் ஹில்லைச் சுற்றி மூன்று ரவுண்டு அடித்துவிட்டு மறுபடியும் வி.டி.யிலேயே இறக்கிவிடுவான்.

அந்த டைம்ஸ் ஸ்கொயரில் கிடைத்த வேலை, டோனட் கடை. டோனட் தெரியாத பெரியவர்களுக்காகச் சொல்கிறேன், நம் மெதுவடையேதான். நடுவில் ஓட்டை இருக்கும், ஆனால் கடித்தால் இனிக்கும். சாம்பாரில் போட முடியாது. ஓட்டை இல்லாத டோனட்டும் உண்டு, அதற்குள்ளே ஜாமை ஒரு மெஷின் வைத்துப் பீச்சுவார்கள். நம்ம பெண் ஒரு நாள் அந்த ஜாமை டோனட்டுக்குள் பீச்சாமல் கஸ்டமர் மேல் பீச்சிவிட்டதாம். வேலை காலி. இது மடோனாவே சொல்லிச் சிரித்த கதை. எங்கள் அப்பா 30 வருஷம் இட்லி விற்றவர். இந்தக் கதையை அவரிடம் சொல்லியிருந்தால் முதலில், "வீணாப்போன ஜாமுக்கு யாரு காசு குடுத்தா?" என்றுதான் கேட்டிருப்பார்.

டோனட் கடை போனால் ஹோட்டலில் கோட்டு வாங்கி மாட்டுகிற வேலை. அது போனால் ஓவியம் படிக்கிறவர்களுக்கு முன்னால் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்கிற வேலை. எல்லாக் காசும் எங்கே போனது? பேர்ல் லாங் என்கிற பெரிய நடன ஆசிரியையிடம். அந்த அம்மா, அமெரிக்காவின் பெரிய நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் குழுவில் ஆடினவர். மார்த்தா கிரஹாம் பாணியில் ஒரு விசேஷம் உண்டு. பாலே மாதிரி எப்போதும் வானத்தைப் பார்த்து எழும்புகிற ஆட்டம் இல்லை அது. தரையில் உட்கார்ந்து ஆடுவார்கள், தரையில் விழுவார்கள். எப்படி விழ வேண்டும் என்பதே தனிப் பாடம். விழுவதற்கு ஃபீஸ் கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இதைச் சொல்கிறேன்? ஒரு செருப்புக் கதை வரப்போகிறது. அதுவரைக்கும் யாரும் டீ குடிக்க எழுந்துபோகாதீர்கள்.

நடுவில் 1979இல் பாரிஸ். பாட்ரிக் ஹெர்னாண்டஸ் என்று அப்போது உலகமெல்லாம் ஒரே பாட்டால் கலக்கிக்கொண்டிருந்த பாடகர். அவருக்குப் பின்னால் ஆட இந்தப் பெண் போனது. அங்கே இவளைப் பாடகியாக ஆக்கிக் காட்டுகிறோம் என்று தங்க இடம், பாட்டு வாத்தியார் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். வசதியான வீடு அண்ணாச்சி! ஒன்றும் நடக்கவில்லை. அலுத்துப்போய் நியூயார்க்குக்கே திரும்பி வந்துவிட்டார். வந்து எங்கே தங்கினார்? குவீன்ஸ் பகுதியில், யூதர்கள் கைவிட்டுப் போன பழைய வழிபாட்டுக் கூடத்தில். டான் கில்ராய் என்கிற நண்பர் தங்கியிருந்த இடம். அங்கேதான் டிரம்ஸ் தட்டப் பழகினார், கிட்டார் பழகினார், ஒரு குழுவில் டிரம்மராகச் சேர்ந்தார், அப்புறம்தான் பாட ஆரம்பித்தார். பாரிஸ் வீட்டில் வராத பாட்டு, பாழடைந்த கூடத்தில் வந்தது. இது ஒன்றுக்கே தீர்ப்பை எழுதிவிடலாம், நடுவர் எழுதுவதாகத் தெரியவில்லை, மேலே போகிறேன்.

பாட்டு வந்தது, கேட்க ஆள் வேண்டுமே? டான்ஸ்டீரியா என்று ஒரு கிளப். அங்கே மார்க் கமின்ஸ் என்கிறவர் ரெக்கார்டு போடுகிற டி.ஜே. அவர் கண்ணில் படுகிற மாதிரி ஆடி, பழகி, தன் கேசட்டைக் கையில் கொடுத்து, போட வைத்துவிட்டார். கூட்டம் நிற்காமல் ஆடியது. அந்த கேசட் ஸையர் ரெக்கார்ட்ஸ் முதலாளி சீமோர் ஸ்டைனிடம் போகிறது. அவர் இருதயத்தில் கோளாறாகி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். படுக்கையிலேயே கேட்டார். இப்போதே கூட்டிக்கொண்டு வா என்றார். வந்த பெண், ஐயா உடம்பு எப்படி இருக்கிறது என்று நலம் விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. காண்டிராக்ட் எங்கே? சவப்பெட்டியில் கிடந்தாலும் கையை மட்டும் வெளியே நீட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற மாதிரி நின்றாள் என்று அந்த மனிதரே பின்னால் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். நாமாக இருந்தால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய், எந்த டாக்டர், எவ்வளவு பில் என்று பேசிவிட்டு, வந்த காரியத்தை மறந்து திரும்பியிருப்போம்.

1982 அக்டோபரில் முதல் ரெக்கார்டு வந்தது. 'எவ்ரிபடி' என்று பெயர். அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ரெக்கார்டின் உறையில் மடோனாவின் படமே கிடையாது. என்ன படம் போட்டார்கள்? ஒரு நியூயார்க் தெரு! ஜனங்களும் பிள்ளைகளும் நிறைந்த ஒரு தெருக் காட்சி. பாடினது ஒரு கறுப்பினப் பெண் என்றே பலர் நினைத்தார்கள். முதல் ரெக்கார்டில் அவருக்கு முகமாக நின்றது வீதி. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரை எழுப்பிச் சொன்னேன். "தெருவா? சரி, லைட்டை அணை" என்றார்.

இப்போது செருப்பு.

1984 செப்டம்பர் 14. நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். பாட்டு வீடியோ போடுகிற டி.வி. சேனலான எம்.டி.வி.யின் முதல் வீடியோ விருது விழா. மேடையில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கல்யாண கேக். அதன் உச்சியில் வெள்ளைக் கல்யாண கவுன் போட்டுக்கொண்டு மடோனா நிற்கிறார். 'லைக் எ வர்ஜின்' பாட்டு. பாடிக்கொண்டே கேக்கின் படிகளில் இறங்கி வருகிறார். ஹை ஹீல்ஸ். இறங்கி வரும்போது ஒரு செருப்பு கழன்றுவிட்டது.

நிறுத்துங்கள். அங்கேயே நிறுத்துங்கள். ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொரு காலில் இல்லை. இரண்டு காலுக்கும் உயரம் வேறு வேறு. நம் வீட்டுக் கல்யாணத்தில் இப்படி ஆனால் என்ன நடக்கும்? மணப்பெண் அப்படியே நிற்பாள். அத்தை 'செருப்பு செருப்பு' என்பாள். சித்தி 'யார் கண்ணு பட்டதோ' என்பாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவி 'சகுனம் சரியில்லை' என்று ஆரம்பிப்பாள். வீடியோக்காரன் மட்டும் நிம்மதியாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருப்பான். ஒரு வாரம் கழித்துத் தாய்மாமன், "நான் அன்னைக்கே சொன்னேன், பாட்டா கடையில வாங்குங்கன்னு" என்பார்.

இந்தப் பெண் என்ன செய்தது? செருப்பை எடுக்க வேண்டும், குனிந்து எடுத்தால் அசிங்கம். எடுக்காமல் நடந்தால் நொண்டி. தரையில் பாய்ந்தார். பாய்ந்து உருண்டார். செருப்புக்காக விழுந்தது மாதிரியே இல்லை, அதுதான் டான்ஸ் என்பது மாதிரி. கவுன் மேலே ஏறிவிட்டது. பாட்டு நிற்கவில்லை. வேண்டுமென்றே செய்தது மாதிரி காட்டிக்கொண்டார்.

மறுபடியும் சொல்கிறேன், பின்வரிசையில் ஒரு குழந்தை அழுததால் சரியாகக் கேட்டிருக்காது. செருப்பு கழன்றது. விழுந்தார். விழுந்தது ஆட்டம் ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராகத்தான் இருந்தது, கால்தான் கோணல். கோணல் காலோடு ஆடிக் காட்டினாள். பேர்ல் லாங் கிளாஸில் காசு கட்டி விழுந்தாளே, அந்த விழுகை! மேடையை விட்டு இறங்கியதும், உன் கதை முடிந்தது என்று மேனேஜர் சொன்னதாக மடோனாவே சொல்லியிருக்கிறார். முடிந்ததா? டிசம்பரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். 6 வாரம் இறங்கவில்லை.

அந்தப் பாட்டு நல்ல பாட்டா, அந்தக் குரல் பெரிய குரலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் பி. சுசீலாவுக்கு முன்னால் யாரும் எனக்குக் குரல் இல்லை. ஆனால் செருப்பு கழன்றால் உருளத் தெரிந்தவள் என்றால் எழுந்து நின்று கும்பிடுவேன். தாதர் பாலத்தில் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் செருப்பு அறுந்த எந்தப் பெண்ணும் என் பக்கம்தான் ஓட்டுப் போடுவாள்.

இன்னும் 3 நிமிடம் என்று நடுவர் விரல் காட்டுகிறார். இப்போது, அண்ணாச்சி, நீங்கள் சொன்ன வார்த்தைக்கே திரும்ப வருகிறேன். ஏனென்றால் அந்த வார்த்தையை நான் இன்றைக்கு முதல்முறையாகக் கேட்கவில்லை.

என் அக்கா ஆடினவள். அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை. இந்திப் படங்களில் குரூப் டான்ஸர். ஹீரோயின் கையைத் தூக்கினால் பின்னால் 40 பேர் கையைத் தூக்குவார்களே, அந்த 40இல் ஒருத்தி. எந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் முகம் தெரியாது, ஜிமிக்கி தெரியும். ஷூட்டிங் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில். முடிய நடுராத்திரி தாண்டிவிடும், கடைசி லோக்கல் போயிருக்கும். ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்து விடியலில் முதல் வண்டியைப் பிடித்து, மாகிமில் இறங்கி, முகத்தில் மேக்கப்போடு தாராவிக்குள் நடந்து வருவாள். அந்த நேரத்தில் ஒரு பெண் நடந்து வந்தால் இந்தத் தெரு என்ன சொல்லும்? இன்றைக்கு நீங்கள் சொன்ன அதே வார்த்தை. எங்கள் அப்பா காதிலும் விழுந்தது. அவர் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, 6 வருஷம்.

மடோனாவின் அம்மா 1963 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வயது 30. கடைசிப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நோய் தெரிந்தது, பிள்ளை பிறக்கட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போட்ட தாய். வீட்டில் 6 பிள்ளைகள், இந்தப் பெண்ணுக்கு 5 வயது. அம்மா சோபாவில் தளர்ந்துபோய் உட்கார்ந்திருப்பார். இவள் முதுகில் ஏறிக்கொண்டு விளையாட வா, விளையாட வா என்று அடம்பிடிப்பாள். அம்மாவால் முடியாது. ஒரு நாள் அம்மா அழுதுவிட்டார். அப்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு, அம்மாவைவிட நான்தான் பலசாலி என்று தோன்றியது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார் மடோனா. ஐந்து வயது ஐயா. அந்த அம்மாவின் பெயரைத்தான் உலகமெல்லாம் கூப்பிட்டது. ரெக்கார்டு உறையில் முகம் இல்லாதபோதுகூட அம்மாவின் பெயர் இருந்தது.

எங்கள் அப்பா கதைக்கு வருகிறேன். இட்லிக்காரர் வீட்டில் விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும். அப்பா மாவு ஊற்றி, துணி விரித்து, பெரிய குண்டானை மூடி வைப்பார். முதல் ஈட்டை யாருக்கும் கொடுக்க மாட்டார். பிள்ளைகள் நாங்கள் கேட்டாலும், போணி ஆகட்டும் என்பார். சைக்கிளில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாதுங்கா பக்கம் போய், நாலு பிளேட் விற்ற பிறகுதான் அந்த இட்லி அவருக்கே. அப்படிப்பட்ட மனிதர்.

அக்கா வருகிற நேரம் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் ஷூட்டிங் இருக்கிற நாளில் கதவில் தாழ்ப்பாள் இருக்காது. உள்ளே நுழைந்ததும் முக்காலி மேல் ஒரு தட்டு, அதை மூடி இன்னொரு தட்டு. தூக்கினால் ஆவி வரும். நாலு இட்லி, முதல் ஈடு. பக்கத்தில் மேக்கப் துடைக்கத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். அதை அவர் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ தெரியாது. 6 வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு நாள் அந்தத் தட்டு தப்பவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. ஆமாம், நான் வீதி அணிதான். எதிரணிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று என் அணித் தலைவர் முறைக்கிறார். முறைக்கட்டும். அந்த நாலு இட்லியை எந்தக் கணக்கில் எழுதுவீர்களோ, எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.